பழைய மேஸ்திரிக்கு ஒரு சீட்டு

அவள் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதக் கூடாத ஓர் இடத்தில் அந்தப் பேர் என் கையால் ஏற்கெனவே ஒருமுறை விழுந்திருக்கிறது. அந்தப் பாவமே போதும்.

“எல்லாரும்” என்கிற வார்த்தையை அவள் முன்னால் சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. “எல்லாரும் வந்தாச்சு, மீட்டிங் ஆரம்பிக்கலாம்” என்றாலும் சரி, “எல்லாருக்கும் பிரியாணிதான்” என்றாலும் சரி, கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்குவாள். “எல்லாரும்னா யாரு? பேரச் சொல்லு.” நாங்கள் பேர் பேராகச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டு வருவாள். எங்கேயாவது ஒரு விரல் மடங்காமல் நிற்கும். அன்றைக்கு விரதம் இருக்கிற கணக்கரோ, வயிற்றுப்புண் வந்த வாட்ச்மேனோ. அந்த ஒரு ஆளுக்காக ஓட்டலுக்கு மறுபடியும் போன் போகும்.

காக்களூர் தொழிற்பேட்டையில் கீழ்த்தளம் ஒரு ரப்பர் வாஷர் கம்பெனி, மாடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர். கும்மிடிப்பூண்டி பக்கத்து இரும்பு மில்களுக்குக் கண்காணிப்பு புரோகிராம் எழுதிக்கொடுப்பது எங்கள் தொழில். உலையைக் குளிர வைக்கிற தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வரத்து குறைந்தால் சைரன் ஊதும். ஊதினால் பக்கத்தில் நிற்கிறவர்கள் ஓடி விலக வேண்டும். நானும் அவளும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம், ஏறக்குறைய ஒரே வயது. காலையில் நான் திருநின்றவூரில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனான வேப்பம்பட்டில் அவள் ஏறுவாள். திருவள்ளூரில் இறங்கி இருவரும் ஷேர் ஆட்டோ பிடிப்போம்.

அந்த ஆட்டோவிலேயே அவள் குணம் தெரிந்துவிடும். உட்காருகிற அத்தனை பேரும் உட்கார்ந்த பிறகும் கிளம்ப விட மாட்டாள்.

“அண்ணா, ஒரு நிமிஷம். ஒரு அம்மா வந்துக்கினு இருக்காங்க.”

கீழ் கம்பெனியில் ரப்பர் தகட்டிலிருந்து வாஷர் உரிக்கிற ஒரு பெண்மணி, காலை இழுத்து இழுத்து ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கி வருவார். ஆட்டோக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். “தினம் உன்னோட ஒரே பேஜாராப் போச்சும்மா.” மற்றவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். நானும் கொட்டியிருக்கிறேன். அவளுக்கு அதெல்லாம் காதிலேயே விழாது.

ஆபீசில் அவள் வேலை பேக்கேஜ் கட்டுவது. நாங்கள் எழுதுகிற புரோகிராமை, மில்லில் இருக்கிற கம்ப்யூட்டர் தானாகவே பிரித்து மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு மூட்டையாகக் கட்டித் தர வேண்டும். கேட்டால் பெரிய வேலையாகத் தெரியாது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மில் கம்ப்யூட்டர்களில் ஓடுவது லினக்ஸ். கம்ப்யூட்டர் உயிர் பெற்றதும் எந்தப் புரோகிராம் முதலில், எது அதற்கடுத்து என்று வரிசையாக எழுப்பிவிட உள்ளே ஒரு மேஸ்திரி புரோகிராம் உண்டு. லினக்ஸில் அந்த மேஸ்திரி ஒரே ஆள் இல்லை. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் புது மேஸ்திரி வந்துவிட்டார். சில பழைய கம்ப்யூட்டர்களில் இன்னும் பழையவர்தான். புதியவருக்கு எழுதிய சீட்டைப் பழையவரால் படிக்க முடியாது. அதனால் மூட்டைக்குள் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சீட்டு வைக்க வேண்டும். சீட்டு இல்லையென்றால் மேஸ்திரி சண்டை போட மாட்டார், திரையில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அந்தப் புரோகிராமை எழுப்பாமல் சும்மா இருந்துவிடுவார்.

இதற்கான விதிகளை அவள் ஒரு தாளில் எழுதித் தன் மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தாள். புதுச் சீட்டு இருந்தால் பழைய சீட்டும் இருக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே பேர் இருக்க வேண்டும், இரண்டு மேஸ்திரிகளிடமும் எழுப்பிப் பார்க்காமல் மூட்டை வெளியே போகக் கூடாது. கடைசி வரி மட்டும் கொட்டை எழுத்தில்: எதையாவது எடுப்பதாக இருந்தால், அதை நம்பி இருக்கிறவரிடம் சொல்லிவிட்டு எடு.

ஒரே பேர் விதியை ஒருமுறை நான் மீறினேன். அவசரத்தில் இரண்டு சீட்டுக்கும் வேறு வேறு பேர் வைத்துவிட்டேன். புது மேஸ்திரிக்குப் பழைய சீட்டையும் படிக்கத் தெரியும். பேர் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று விட்டுவிடுவார். வேறாக இருந்ததால் இரண்டு ஆள் என்று நினைத்து ஒரே புரோகிராமை இரண்டு தடவை எழுப்பிவிட்டார். சோதனைக்காக ஆபீசில் மாட்டியிருந்த சைரனைக் கேட்க வேண்டுமே! ஒன்று ஊதி முடிப்பதற்குள் இன்னொன்று ஆரம்பித்து, நிற்கவே இல்லை. கீழே ரப்பர் கம்பெனி மொத்தமும் ரோட்டுக்கு ஓடி வந்துவிட்டது. அவள் மேஜையில் கவிழ்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. “உன் பேரு கூட ரெண்டா வெச்சிக்கோப்பா, சம்பளம் ரெண்டா வரும்” என்றாள்.

அப்படி ஓடி வந்த பெண்களுக்காகத்தான் அடுத்த கூத்தும் நடந்தது. ரப்பர் கம்பெனியில் விரல் ரேகை வைக்கிற வருகைப் பதிவு மெஷின் மாட்டினார்கள். அதற்கான புரோகிராமை நாங்கள்தான் செய்தோம், நான்தான் எழுதினேன். முதல் வாரமே இரண்டு பெண்களுக்கு ஆப்சென்ட் ஆப்சென்ட் என்று விழுந்தது. அவள் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

“வெரலு தேஞ்சி போனவங்க இன்னா பண்ணுவாங்க? நாள் பூரா வாஷர் உரிக்கிறாங்க, ரேகையே இல்ல. நம்பர் அடிக்கிற மாதிரி இன்னொரு வழி வெச்சிக் குடு.”

“ரெண்டு பேருக்காகவா? மத்த எல்லாருக்கும் வேல செய்யுதே” என்றேன்.

“எல்லாரும்னா யாரு? பேரச் சொல்லு.”

எனக்குத் தெரிந்த பேர் ஒன்றுகூட இல்லை. அவளுக்கு இருபது பேர் தெரிந்திருந்தது. மறுநாள் நம்பர் பட்டன்களைச் சேர்த்துக் கொடுத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அவளுக்குப் ‘பழைய சீட்டு’ என்று பட்டப்பேர் வைத்தவனும் நான்தான். “பழைய சீட்டு வந்துடுச்சா?” என்று கேட்போம். அவள் கோபித்துக்கொள்ளாதது எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்து என்னை லீடராக்கினார் முதலாளி. அவளைவிட நான் எந்த விதத்திலும் உசத்தி இல்லை, முதலாளியிடம் நின்று பேச எனக்கு வரும் என்பதைத் தவிர. அன்றிலிருந்து நாலு பேர் எதிரில் என்னை “சார்” என்பாள். தனியாக இருக்கும்போது பழையபடி “இன்னாப்பா”தான். அந்த “இன்னாப்பா” இருக்கிறவரை நான் பெரிய ஆள் ஆகவில்லை என்று தோன்றும், அது ஒரு சந்தோஷமாகவும் இருந்தது.

அவள் மேஜைக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. பழைய மேஸ்திரி ஓடுகிற கம்ப்யூட்டர்; பழைய சீட்டைச் சோதிக்க அது ஒன்றுதான். காலாலேயே பட்டனை அழுத்தி அதைக் கிளப்புவாள். அது எழுந்து வருவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஒரு முழுச் சோதனைக்கு அரை நாள் பிடிக்கும். அந்த அரை நாள் எனக்கு ஆகவே ஆகாது.

அவள் தங்கைக்கு கும்மிடிப்பூண்டியில் நிச்சயதார்த்தம். இரண்டு நாள் லீவு போட்டாள். அந்த இரண்டாம் நாள் ஒரு புது மில்லுக்கு மூட்டை போக வேண்டியிருந்தது. ஒரே மூட்டைதான் எல்லா மில்லுக்கும் போகும். நானே கட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மேஜைக்கு அடியில் பழைய கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. பவர் சப்ளை போய்விட்டிருந்தது. பழைய சீட்டைச் சோதிக்க வழி இல்லை. முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை வருவதற்குள் பழைய சீட்டை மூட்டையிலிருந்து எடுத்துவிட்டேன்.

எடுத்ததும் மூட்டையைப் பரிசோதிக்கிற புரோகிராம் மறித்தது: பழைய சீட்டு காணவில்லை. அதன் வாயை மூட, காரணம் எழுதி விலக்கு கொடுக்கலாம். ‘இதை இப்போது யாரும் உபயோகிப்பதில்லை’ என்று எழுதினேன். என் நாற்காலிக்குப் பின்னால், திருப்பி மாட்டியிருந்த போன வருடக் காலண்டரின் முதுகில், பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கிற மூன்று மில்களின் பேரும் போன் நம்பரும் அவள் கையெழுத்தில் இருந்தன. திரும்பிப் பார்த்தால் போதும். நான் திரும்பவில்லை.

ஒவ்வொரு மூட்டையிலும் என்ன மாற்றினோம் என்கிற குறிப்பு போகும், அதன் அடியில் செய்தவர் பேர் விழும். மூட்டை கட்டுகிற கம்ப்யூட்டர் எல்லாருக்கும் பொது. அதில் உட்காருகிறவள் எப்போதும் அவள்தான் என்பதால், தானாகவே அவள் பேர் விழும்படி இருந்தது. என் மாற்றத்துக்கு அடியிலும் அவள் பேரே விழுந்தது. பார்த்தேன். மாற்ற ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பரவாயில்லை, யார் இதையெல்லாம் படிக்கப்போகிறார்கள் என்று அனுப்பிவிட்டேன். மூட்டை எல்லா மில்லுக்கும் போனது. பழைய சோதனைக் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போனது. லீவு முடிந்து வந்தவளுக்கு நிச்சயதார்த்த மைசூர்பாகு தரத்தான் நேரமிருந்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. காலண்டரில் இருந்த மூன்று மில்களில் ஒன்றில் பத்தாம் நாள் மத்தியானம் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்தது. பழைய மேஸ்திரி தன்னிடம் இருந்த சீட்டுகளைப் பார்த்து மற்றதையெல்லாம் எழுப்பினார். எங்கள் புரோகிராமுக்குச் சீட்டு இல்லை. அரை மணி நேரத்தில் தண்ணீர் வரத்து குறைந்து, ஒரு குழாய் பிய்த்துக்கொண்டது. சைரன் ஊதவில்லை. பக்கத்தில் நின்றிருந்த ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளியின் வலது கை, தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது.

மறுநாள் மில் மேனேஜர் எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். முதலாளி அறையில் நான், அவள், மேனேஜர். முதலாளி மாற்றக் குறிப்பைத் திரையில் திறக்கச் சொன்னார். திறந்தேன். அடியில் அவள் பேர்.

“இத்த நீதான் பண்ணியாம்மா?”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் பண்ணல சார். அன்னிக்கு நான் லீவு.”

“லீவுல நீ ஊட்லருந்து வேல பாத்ததே இல்லியா?”

பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு லீவிலும் பார்த்திருக்கிறாள். அவள் நல்லதனமே அவளுக்கு எதிராக வந்து நின்றது. முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லுப்பா. நீதான லீடு. யாரு பண்ணது?”

“அந்த கம்ப்யூட்டர்ல இருக்கறது அவங்க பேருதான் சார்” என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் இன்றுவரை அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. பொய் சொல்கிற தைரியம்கூட இல்லாதவன் கண்டுபிடிக்கிற வாக்கியம் அது.

“இந்தம்மா எங்க வேலைய இனிமே தொடக் கூடாது” என்றார் மேனேஜர். முதலாளி தலையை ஆட்டினார். அவர்கள் வேலை எது, மற்ற மில்களின் வேலை எது என்று பிரிக்க முடியாது, ஒரே மூட்டைதானே. அதாவது அவள் இனி எந்த மூட்டையையும் தொடக் கூடாது. போன் எடுத்து வாடிக்கையாளர் புகாரை எழுதிக்கொள்ளும் வேலைக்கு அவளை மாற்றினார்கள்.

அன்று சாயங்காலம் என் மேஜைக்கு வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

“‘யாரும் உபயோகிப்பதில்லை’ன்னு எழுதிக் கீது. யாரும்னா யாருப்பா?”

நான் திரையில் வேறொரு கோப்பைத் திறந்தேன்.

“எடுக்கறத்துக்கு முன்னாடி அந்த மில்லுக்கு ஒரு போன் பண்ணியா?”

“எந்த மில்லு?” என்று கேட்டேன். அவள் தலை என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த காலண்டர் பக்கம் போய், திரும்பி வந்தது. வேறொன்றும் கேட்காமல் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. போய் முதலாளியிடம் சொல்லப்போகிறாள் என்று இரண்டு நாள் முதலாளி அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள் என்பது எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆனது.

வேலை கைமாற்றுகிற அந்த ஒரு வாரத்துக்குள் பழைய கம்ப்யூட்டரை ரிப்பேரிலிருந்து வாங்கி வந்து, பழைய சீட்டை மறுபடி சேர்த்து, அரை நாள் சோதித்து, மூன்று மில்லுக்கும் தானே போன் செய்து சொல்லிவிட்டுத்தான் மூட்டையை அனுப்பினாள். திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தத் தொழிலாளியையும் பார்த்துவிட்டு வந்தாள். அதை என்னிடம் சொன்னபோது அறையில் நாங்கள் இரண்டே பேர்.

“அந்த நைனா இன்னா சொன்னாரு தெரியுமா சார்? ‘சைரன் ஊதும்னு நம்பிக்கினுதாம்மா நின்னுக்கினு இருந்தேன்’னாரு.”

வேறு யாருமே இல்லாத அறையில் என்னை “சார்” என்றாள். அதன் பிறகு “இன்னாப்பா” எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு மாதம் போன் எடுத்தாள். பிறகு ராஜினாமா கொடுத்துவிட்டாள். கடைசி நாள் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். சர்க்கரை போடாதது ஒன்று, பால் இல்லாதது ஒன்று, எதுவும் மறக்கவில்லை. எனக்குப் பிடித்த மாதிரி இஞ்சி தட்டிப் போட்டதும் ஒன்று இருந்தது. அதைக் குடித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை, அவள் கடைசியாக அனுப்பியதற்குப் பிறகு முதல் மூட்டை. நான்தான் உட்கார்ந்தேன், முதலாளி பின்னால் நின்றுகொண்டிருந்தார். கட்டச் சொல்லி உத்தரவு கொடுத்ததும் எப்போதும் சரசரவென்று ஓடுகிற திரை, நின்றது. ஒரே ஒரு வரி.

யாரு? பேரச் சொல்லு.

வேலை கைமாற்றிய அந்த வாரத்திலேயே, தானாகப் பேர் விழுகிற ஏற்பாட்டை எடுத்துவிட்டிருக்கிறாள். இனி ஒவ்வொரு முறையும் கேட்கும். கட்டுகிற ஆள் தன் பேரைத் தட்டினால்தான் மேலே போகும். முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். “போவும்போதும் ஒரு ரூல் போட்டுட்டுப் போயிருக்குது பாரு. பேர அடிப்பா.” என் விரல்கள் மேஜையிலேயே கிடந்தன. “இன்னாப்பா, உன் பேரு மறந்துடுச்சா?” என்றார். அடித்தேன்.

ஒரு வருடம் கழித்து, சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து அவளுக்குப் போன் செய்தேன். வேறொரு ஊரில், வேறொரு கம்பெனியில் இருந்தாள். “சொல்லுங்க சார்” என்றாள். நான் ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னாள். “வேற எதனா இருக்கா சார்?” என்றாள். இல்லை என்றேன். அவள் உடனே வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

மாற்றக் குறிப்பில் பழையதைத் திருத்துவது வழக்கமில்லை. அந்தக் குறிப்பு இன்றைக்கும் ஒவ்வொரு மில் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது, அடியில் அவள் பேரோடு. ஆனால் புதுக் குறிப்பில் ‘முன்பு பழைய சீட்டை எடுத்தது நான்’ என்று ஒரு வரி சேர்க்க எந்த விதியும் தடுக்கவில்லை. எத்தனையோ முறை அந்த வரியை எழுதியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன் அழித்தும் இருக்கிறேன்.

புதிதாகச் சேருகிறவர்கள் கேட்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் நின்று நின்று பேர் கேட்கிறதே, இதை எடுத்துவிடலாமே என்று. எடுக்க விடுவதில்லை. போன மாதம் ஒரு பெண் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்து, “சார், இதுல செக்கிங்கே இல்ல. யார் பேர அடிச்சாலும் ஒத்துக்கினு போய்க்கினே இருக்கும்” என்றாள். அப்படித்தானா என்று நானும் பார்த்தேன். அப்படித்தான். சரிபார்க்க அவள் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. என்னைப் பார்த்த பிறகும், கேட்டால் உண்மையைச் சொல்வார்கள் என்று நம்பித்தான் அதை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.